குடலில் வாழும் குடிகள்

(பள்ளிப் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றி நான் பேசவேண்டுமென்று இக்கூட்டத்தை நடத்துவோர் கேட்டபோது முதலில் சற்றுத் தயங்கினேன். நம்மவரிடையே கொழுகொழுவென்றிருக்கும் குழந்தை நெடுங்காலமாக வீட்டின் செழிப்புக்கு அடையாளமாகவும் தாயின் கைப்பக்குவத்துக்கு நற்சான்றாகவும் கருதப்பட்டு வந்திருப்பதால், அப்படிப்பட்ட குழந்தையைக் கண்டு கன்னத்தைக் கிள்ளி மகிழ்ந்து பழகியவர்களின் முன்னே நின்றுகொண்டு, இதுவும் வியாதிக்கு ஒரு வாசலாகலாம் என்று சொல்லத் துணிகிறவன், கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசுகிறவனைப் போல் ஆகிவிடுகிறான். ஆயினும் கணக்கு கணக்குத்தான். 2022-ஆம் ஆண்டில் உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 3 கோடியே 70 லட்சம் பேரும், 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் 39 கோடிப் பேரும் மிகை எடையுடன் இருந்தார்கள் என்றும், பின்னவர்களில் 16 கோடிப் பேர் பருமன் என்றே சொல்லத்தக்க நிலையில் இருந்தார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. நம் தேசத்திலோ, 5 வயதுக்குட்பட்டவர்களில் மிகை எடையுள்ளோர் 2015-16-ஆம் ஆண்டுக் குடும்பநலக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 2.1 ஆக இருந்து, 2019-21-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.4 ஆக ஏறியிருக்கிறார்கள். சிறிய எண் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஏறுமுகமாக இருக்கிறது என்பதுதான் என் கவலை.

பருமனுக்குக் காரணங்கள் பல. பரம்பரை, உறக்கக்குறைவு, விளையாட்டு மைதானம் கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது, தாகத்துக்குத் தண்ணீர் போய்ச் சர்க்கரைநீர் வந்தது ஆகிய இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவையே ஆகையால் அவற்றை விட்டுவிட்டு, அண்மையில் கடைகளிலும் விளம்பரங்களிலும் மிகவும் அடிபடுகின்ற ஒரு விஷயத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குத் தூண்டுகோலாக இருந்தது ஒரு சிறு சம்பவம்.

சில மாதங்களுக்கு முன்பு என் மருமகள் முறையாகிய ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குப் பத்து வயதில் ஒரு பையன். வயதுக்கு மிஞ்சிய உடம்பு. மாலையில் ஒரு பொட்டலம் கிரீம் பிஸ்கட்டையும் ஒரு தட்டு நூடுல்ஸையும் அவன் முடித்தபின், குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கட்டைவிரல் உயரத்துக்குச் சற்றே மிகுந்த ஒரு புட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, "இதுல நல்ல பாக்டீரியா இருக்கு, மாமா. இதைக் குடிச்சா மத்ததெல்லாம் சரியாயிடும்" என்றாள். பையன் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு" என்று கையை நீட்டினான். காலிப் புட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்துக்களில் இருந்த சேர்மானப் பட்டியலில் நுண்ணுயிரின் பெயருக்கு வெகு முன்னதாகவே சர்க்கரை வீற்றிருந்தது. 'மற்றதெல்லாம் சரியாகிவிடும்' என்ற அந்த ஒரு வாக்கியம் மெய்யா பொய்யா என்று ஆராய்வதே இன்றைய பேச்சின் உத்தேசம்.

நம்முடைய குடலில், விசேஷமாகப் பெருங்குடலில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு பெருங்கூட்டம் குடியிருக்கிறது. எழுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதனின் உடம்பில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்றும், அவனுடைய சொந்த உயிரணுக்களோ சுமார் 30 லட்சம் கோடிதான் என்றும், அத்தனை பாக்டீரியாக்களையும் திரட்டி நிறுத்தால் 200 கிராம் அளவே வரும் என்றும் 2016-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். தலைக்கணக்கில் பார்த்தால் வீட்டுக்காரரைவிடக் குடித்தனக்காரரே அதிகம் என்று ஆகிறது.

இந்தக் குடிகள் எப்போது வந்து சேர்ந்தார்கள்? பிறக்கும்போதும் பிறந்தவுடனேயும். இதில் இயற்கை செய்திருக்கும் ஓர் ஏற்பாட்டை நான் படித்தபோது அடைந்த ஆச்சரியம் இன்னும் அடங்கவில்லை. தாய்ப்பாலில் உள்ள திடப்பொருள்களில் பால்சர்க்கரையும் கொழுப்பும் முதலிரண்டு இடங்களைப் பெறுகின்றன. மூன்றாவது இடத்தில், லிட்டருக்கு 5 முதல் 15 கிராம் வரை, நூற்றுக்கு மேற்பட்ட வகைகளாக நிற்பது ஒருவிதச் சர்க்கரைத் தொடர். சிசுவின் வயிற்றுக்கு அதை ஜீரணிக்கும் சக்தி கிடையாது. தன் உடம்பை உருக்கிப் பால் சுரக்கும் தாய், குழந்தையால் ஜீரணிக்கவே முடியாத ஒரு பதார்த்தத்தை எதற்காக இவ்வளவு தாராளமாகக் கலந்து கொடுக்கிறாள்? அது குழந்தையின் குடலில் வாழும் பிஃபிடோ பாக்டீரியாவுக்கு என்று வைத்த உணவு. உண்டிவில் கவட்டையைப் போலக் கிளைத்த உருவமுடைய இந்த நுண்ணுயிரைத் தாய்ப்பால் குடித்த சிசுவின் மலத்திலிருந்து 1899-இல் பிரித்தெடுத்தவர் பாரிஸிலுள்ள பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹென்றி டிஸ்ஸியே என்னும் வைத்தியர். ஆக, உயிர்வாழ்வின் முதல் ஆகாரமே இருவருக்குச் சமைத்த ஆகாரம். ஒரு பங்கு பிள்ளைக்கு, ஒரு பங்கு பிள்ளையின் வயிற்றில் இருப்பவர்களுக்கு.

அதே பாஸ்டர் நிலையத்தில் இருந்தவர்தான் ருஷ்யப் பேரறிஞர் மெச்னிகாவ். 1908-இல் நோபல் பரிசு பெற்ற அவர், பல்கேரிய நாட்டு உழவர்கள் முதிர்ந்த வயது வரை திடகாத்திரமாக இருப்பதற்கு அவர்கள் உண்ணும் புளித்த பாலே காரணம் என்று கருதி, தாமும் நாள்தோறும் அதை அருந்தி, பிறருக்கும் உபதேசித்து வந்தார். இன்றைய புட்டி வியாபாரத்துக்கெல்லாம் பாட்டனார் அவரே. ஆனால் பெருங்குடல் மனிதனுக்கு வேண்டாத ஓர் உறுப்பு என்றும், அழுகலும் விஷமும் உண்டாகும் சாக்கடை என்றும் அவர் நினைத்தார் என்பதைப் புட்டி விற்பவர்கள் சொல்வதில்லை. நெடிய ஆயுளைப் பற்றி நூல் எழுதிய அம்மகான் 71-ஆவது வயதில் காலமானார். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. பேரறிஞரின் அபிப்பிராயமும் பரிசோதனைக்கு உட்பட்டதே என்பதற்காகச் சொல்கிறேன்.

பருமனுக்கும் இக்குடிகளுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி சூடுபிடித்தது 2004-ஆம் ஆண்டில். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், எந்தக் கிருமியும் அண்டாதபடி பிறந்து வளர்ந்த எலிகளுக்கு, சாதாரண எலிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பதினான்கே நாளில் அவற்றின் உடற்கொழுப்பு நூற்றுக்கு அறுபது பங்கு பெருகிற்று. அதுவும் அவை முன்னைவிடக் குறைவாகத் தின்றுகொண்டிருந்தபோதே. அன்றுமுதல் 'பருமனுக்குக் காரணம் வாய் அல்ல, வயிற்றுக் கிருமி' என்று பத்திரிகைகள் முழங்கலாயின. பருத்தவர் குடலில் இன்ன வகுப்பு மிகுதி, மெலிந்தவர் குடலில் இன்ன வகுப்பு மிகுதி என்று ஒரு சூத்திரமும் புறப்பட்டது. பின்னர் பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அந்தச் சூத்திரம் மனிதரிடத்தில் உறுதியாக நிற்கவில்லை. எலி எலிதான், பிள்ளை பிள்ளைதான்.

ஆனால் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து 2013-இல் வெளிவந்த வேறொரு பரிசோதனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருத்தி பருத்தும் மற்றவள் மெலிந்தும் இருந்த இரட்டைச் சகோதரிகளைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய குடல் நுண்ணுயிர்களைத் தனித்தனியாக எலிகளுக்குள் செலுத்தினார்கள். பருத்தவளின் நுண்ணுயிரைப் பெற்ற எலி கொழுத்தது. மெலிந்தவளுடையதைப் பெற்றது மெலிவாகவே இருந்தது. பிறகு இரண்டையும் ஒரே கூண்டில் விட்டார்கள். எலிகளுக்கு ஒன்றின் எச்சத்தை மற்றொன்று தின்னும் வழக்கம் உண்டாகையால், மெலிந்த எலியின் நுண்ணுயிர்கள் கொழுக்க வேண்டிய எலியின் குடலில் குடிபுகுந்து, அதைக் கொழுக்கவொட்டாமல் தடுத்தன. இத்தோடு கதை முடிந்திருந்தால் புட்டிக்காரர்களுக்குத் திருவிழாத்தான். அந்த விஞ்ஞானிகளோ அங்கே நிற்காமல், தீனியை மாற்றிப் பார்த்தார்கள். நார்ச்சத்து மிகுந்து கொழுப்பு குறைந்த தீனி போட்டபோது புதுக்குடிகள் நிலைத்தன. கொழுப்பு மிகுந்து காய்கனி குறைந்த தீனி போட்டபோது அதே நுண்ணுயிர்கள் உள்ளே காலூன்ற முடியவில்லை, எலியும் கொழுத்தது. என் மருமகளின் வீட்டுப் பையனும் கிரீம் பிஸ்கட்டின்மேல்தான் அந்தப் புட்டியைக் குடித்தான் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது இரண்டு சொற்களைப் பிரித்தறிந்துகொள்வோம். புரோபயாடிக் என்பது உயிருள்ள நுண்ணுயிர். அது உயிரோடு இருக்கவேண்டும், போதிய அளவில் இருக்கவேண்டும், உட்கொள்பவருக்கு நன்மை செய்யவேண்டும் என்று 2001-இல் உலக நிறுவனங்கள் இலக்கணம் வகுத்தன. பிரிபயாடிக் என்பது நுண்ணுயிர் அல்ல, நம் குடலில் ஏற்கெனவே இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு நாம் இடும் உணவு. 1995-இல் கிப்ஸன், ராபர்ஃப்ராய்ட் என்னும் இருவர் இச்சொல்லை உண்டாக்கினார்கள். சொல் புதிது, பொருளோ தாய்ப்பாலளவு பழையது. முன்னது விருந்தாளி, பின்னது வீட்டாருக்கு இடும் சோறு. புட்டியில் வரும் விருந்தாளிகளில் பெரும்பாலோர் நிரந்தரமாகத் தங்குவதில்லை. குடிப்பதை நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ போய்விடுகிறார்கள்.

புரோபயாடிக்கினால் பயனே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பின்லாந்து தேசத்தில் டுர்க்கு நகரத்தில் கர்ப்பிணிகளுக்குப் பிரசவத்துக்கு முன்னும், பிரசவத்துக்குப்பின் ஆறு மாதமும் ஒரு லாக்டோபேசில்லஸ் வகையைக் கொடுத்து, பிறந்த குழந்தைகளைப் பத்து வயது வரை கவனித்தார்கள். ஆரம்ப வருஷங்களில் எடை மிதமிஞ்சி ஏறுவது ஓரளவு கட்டுப்பட்டது. பிற்பாடு அந்த வித்தியாசம் நிலைக்கவில்லை. நம்பிக்கைக்கு இடமுண்டு, ஆரவாரத்துக்கு இடமில்லை என்பதே என் மதிப்பீடு.

பிரிபயாடிக்குக்கு வருவோம். கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தார் 2017-இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றை நான் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மிகை எடையோ பருமனோ உள்ள, 7 முதல் 12 வயது வரையிலான 42 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 8 கிராம் இனுலின், அதாவது சிக்கரிக் கிழங்கிலும் வெங்காயம் பூண்டிலும் இயல்பாக உள்ள ஒருவகை நார்ப்பொருள், தூளாக நீரில் கலந்து கொடுக்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு வெறும் மாவுத்தூள். எது யாருக்கு என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, அளப்பவருக்கும் தெரியாது. பட்டினி போடவில்லை, ஓடச் சொல்லவில்லை. பதினாறு வாரம் கழித்து அளந்தபோது, இனுலின் உண்ட பிள்ளைகளின் எடை, வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அளவுகோலில் நூற்றுக்கு 3.1 பங்கும், உடற்கொழுப்பு 2.4 பங்கும் குறைந்திருந்தன. இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 19 பங்கு இறங்கியிருந்தது. குடலில் பிஃபிடோ பாக்டீரியா பெருகியிருந்தது. சிசுப்பருவத்தில் தாய் யாருக்குப் பங்கு வைத்தாளோ அதே குடிதான்!

எப்படி நிகழ்கிறது இது? நாம் ஜீரணிக்க முடியாத நார் பெருங்குடலை அடைந்ததும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சில சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. அவற்றுள் ப்யூட்டிரேட் என்பதே பெருங்குடலின் உட்சுவருக்கு முக்கியமான எரிபொருள். மெச்னிகாவ் சாக்கடை என்று நினைத்த இடத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. இந்த அமிலங்கள் குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தூண்ட, அவை 'போதும்' என்னும் செய்தியை மூளைக்கு அனுப்பும் ஹார்மோன்களைச் சுரக்கின்றன. அதே கால்கரிப் பிள்ளைகளுக்குக் கடைசி வாரத்தில் காலைச் சிற்றுண்டியைப் பரப்பிவைத்து, வேண்டியமட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டபோது, இனுலின் உண்டவர்களில் 11, 12 வயதுப் பிள்ளைகள் மாவுத்தூள் உண்ட அவ்வயதினரைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள். அதற்கு இளையவர்களிடம் அந்த மாற்றம் தென்படவில்லை.

நாற்பத்திரண்டு பேர், நாலு மாதம் என்பது சிறிய பரிசோதனைதான். அதை வைத்துக்கொண்டு மருந்துக்கடையில் இனுலின் தூளைத் தேடி ஓடவேண்டாம். திடீரென்று மிகுதியாகக் கொடுத்தால் வயிறு உப்பிப் பிள்ளை இரவெல்லாம் அழும். ஆனால் அது எந்தத் திசையைக் காட்டுகிறதோ அந்தத் திசையில் நம் அடுக்களையே இருக்கிறது.

இங்கே நம்மவர் பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளும் ஒரு தவற்றையும் திருத்திவிடுகிறேன். இட்லி புளித்த மாவிலிருந்து வருவதால் அது புரோபயாடிக் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். இரவெல்லாம் மாவைப் பொங்கவைக்கும் லூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள் மெய்யாகவே உண்டு. காலையில் மூடியைத் திறந்தால் விளிம்புவரை எழும்பிக் குமிழ்விட்டு நிற்கும் மாவே சாட்சி. ஆனால் அந்த மாவைத் தட்டில் ஊற்றி ஆவியில் வைத்தபின் அதில் உயிரோடு எதுவும் மிஞ்சுவதில்லை. இட்லி அருமையான பலகாரம், புரோபயாடிக் அன்று. உயிருள்ள நுண்ணுயிர் வேண்டுமானால் மோருக்குப் போகவேண்டும். விரல் பொறுக்கும் சூட்டிலுள்ள பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடிவைத்து, மறுநாள் கட்டித்தயிரைக் கடைந்து நீர்விட்டு, கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்ட மோரில் சர்க்கரை ஒரு சிட்டிகையும் இல்லை. வீட்டுத் தயிரில் இன்ன வகை, இத்தனை கோடி என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லையாதலால், இலக்கணப்படி அதைப் புரோபயாடிக் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்காகக் குழந்தைக்கு அதைக் கொடுக்காமல் இருக்கவும் நியாயமில்லை. பழைய சோறு இன்னும் ஒரு படி மேல். ஆறிய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு பகுதி ஜீரணமாகாத தன்மையடைந்து பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிறது. நீரில் ஊறிய இரவில் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. காலையில் அதைச் சூடுபடுத்தாமலே உண்கிறோம். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். கால்கரியில் தூளாகக் கொடுத்த பொருள் அதிலும் உண்டு. இருந்தாலும் பழைய சோறும் சோறுதான். வட்டில் வட்டிலாக உண்டால் உடம்பு இளைக்காது.

நார்ச்சத்து எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, வயதோடு ஐந்தைக் கூட்டினால் வரும் எண்ணிக்கையளவு கிராம், நாளொன்றுக்குக் குறைந்தபட்சமாக வேண்டும் என்று ஓர் எளிய வாய்பாடு உண்டு; எட்டு வயதுப் பிள்ளைக்குப் பதின்மூன்று. ஒரு கிண்ணம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது. வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணத்தில் சுமார் பன்னிரண்டு கிராம் இருக்கிறது. நவராத்திரிக்கு மட்டும் வருகிற சுண்டல், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு வாரத்தில் நாலு நாள் வரலாகாதா? பயறு, காராமணி, வாழைக்காய்ப் பொரியல், கீரை, கேழ்வரகுக் களி, தோலோடு கொய்யா என்று எதை எடுத்தாலும் அதில் குடலின் குடிகளுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பயறு தின்றால் வாயு வருகிறது என்று பாட்டிமார் முகஞ்சுளிப்பது உண்மைதான். அந்த வாயு உள்ளே இருப்பவர்கள் சாப்பிட்டதற்கு அடையாளம். சிறுகச் சிறுகப் பழக்கினால் அடங்கும்.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். சாதாரணச் சளிக்கும் காய்ச்சலுக்கும் வைத்தியரை வற்புறுத்தி ஆன்டிபயாடிக் எழுதி வாங்காதீர்கள். நோய்க்கிருமியோடு இக்குடிகளும் அடிபடுகின்றன. பண்ணை விலங்குகளைச் சீக்கிரம் பருக்கவைப்பதற்காகவே அம்மருந்துகளைச் சிற்றளவில் தீனியோடு கலந்துகொடுக்கும் வழக்கம் பல தேசங்களில் பல காலம் இருந்துவந்தது என்பதையும் எண்ணிப் பாருங்கள். தேவையானபோது வைத்தியர் எழுதிக் கொடுத்தாலோ, நடுவில் நிறுத்தாதீர்கள். இரண்டாவது, பிள்ளையை 'குண்டா' என்று அழைப்பதை இன்றோடு விடுங்கள். வளர்கிற உடம்பைப் பட்டினி போடவும் வேண்டாம். அவனுக்கென்று தனிச்சமையல் வைத்து ஒதுக்காமல், வீடு முழுவதும் ஒரே சுண்டலைத் தின்னுங்கள்.

நேரமாகிவிட்டது. இனி உங்கள் கேள்விகளுக்கு விடை சொல்லக் காத்திருக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: எந்தப் புட்டி நல்லது என்பதைக் கடைசியாகக் கேளுங்கள், நேற்று இரவு உங்கள் குழந்தையின் தட்டில் என்னென்ன இருந்தது என்பதை முதலில் சொல்லுங்கள், அங்கிருந்து ஆரம்பிப்போம்.